விரலுக்கும் ஒலிக்கும் நடுவில்

கட்டையை அழுத்தியதும் ஒலி வரவில்லை. ஒரு துணுக்கு நேரம் கழித்து வந்தது. கணினியோடு கட்டைப்பலகையை இணைத்துப் பியானோ வாசிக்கிற எல்லோருக்கும் தெரிந்த தாமதம்தான் அது, நேவென்காவுக்கும் பழகிப்போனதுதான். ஆனால் இன்றைக்கு அந்தத் துணுக்கு காலியாக இல்லை. அவள் அழுத்தியதை யாரோ காதுகொடுத்துக் கேட்டு, சரி என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு, தன் விரலால் இன்னொரு முறை அழுத்துவதுபோல் இருந்தது.

அவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தாள். வெளியே ஆஸ்திரேலியப் பாலைவனத்துச் சுரங்க ஊரான கூபர் பீடியின் மதிய வெயில் தகரத்தையும் மண்ணையும் வறுத்துக்கொண்டிருந்தது. குன்றைக் குடைந்து எடுத்த இந்தப் பின்னறையிலோ வெயிலும் இல்லை, சன்னலும் இல்லை, பகலா இரவா என்று சொல்ல ஒரு கீற்றும் இல்லை. குடைந்த இயந்திரத்தின் பல் பட்ட தடங்கள் இளஞ்சிவப்புச் சுவரில் வளையம் வளையமாக ஓடின. காய்ந்த கல்லின் வாசனையோடு சூடேறிய பிளாஸ்டிக்கின் வாசனையும், சமையலறையில் தம்பி யோசோ மூடிவைத்துவிட்டுப் போன முட்டைக்கோஸ் சுருளின் புளிப்பும் கலந்து, போக வழியில்லாமல் அங்கேயே நின்றன.

மூன்று மணிக்கு அடிலெய்டிலிருந்து லாக்லன் அழைப்பார். ஊர் ஊராகப் போகும் அவருடைய இசை நாடகக் குழுவுக்குப் பியானோ வாசிக்க ஆள் வேண்டும். அவள் இங்கிருந்து வாசிக்க, அவர் அங்கிருந்து கேட்டுவிட்டு அப்போதே முடிவைச் சொல்வார். போன வருடம் இதே தேர்வில், “கை கொஞ்சம் பின்தங்குதும்மா” என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார். இதுவும் போனால், ஓப்பல் ரத்தினக் கடையில் சுற்றுலாக்காரர்களுக்குக் கல்லைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டு, சாகும்வரை இந்தப் பொந்துக்குள்தான்.

அடிலெய்டில் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருக்கும் தோழி பிப்பை அழைத்தாள்.

“புளூடூத் ஹெட்போனை மாட்டிக்கிட்டு லேட்டா வருதுன்னு அழுவாத.”

“ஒயர் வெச்சதுதான்டி. என்னை என்ன கத்துக்குட்டின்னு நெனச்சியா?”

“அப்ப பஃபர்தான். எவ்ளோ வெச்சிருக்க?”

“ஐநூத்திப் பன்னெண்டு.”

“அம்மாடி! அந்த வாளி நெறைஞ்சு வர்றதுக்குள்ள நாடகமே முடிஞ்சிரும். எறக்குடி.”

பிப் சொன்ன வாளி சரியான வாளிதான். கணினி ஒலியைச் சொட்டுச் சொட்டாகத் தராது. கொஞ்சம் சேர்த்துவைத்து நிறைந்ததும் ஊற்றும். சேர்த்துவைக்கிற அந்த இடம்தான் பஃபர். வாளியைச் சின்னதாக்கினால் காத்திருப்பும் குறையும். ரொம்பச் சின்னதாக்கினால் கணினிக்கு மூச்சு வாங்கும், ஒலி பிசிறும்.

“நூத்தி இருபத்தெட்டு போதும்” என்றாள் பிப். “சடசடன்னு கேட்டா ஒரு படி ஏத்திரு. ரோஷத்துல கீழ போய்க்கிட்டே இருக்காத.”

“பிப், நடுவுல யாரோ நிக்கற மாதிரி இருக்குடி.”

“அந்தக் குகைக்குள்ள ஈகூட வராது, உன்கூட யாருடி நிக்கப்போறா? போய் வாசி, மகராசி.”

ஹெட்போனை மாட்டிக்கொண்டு இருநூற்று ஐம்பத்தாறுக்கு இறக்கினாள். ஒலி கிட்டே வந்தது. நூற்று இருபத்தெட்டு. இன்னும் கிட்டே. பிப்பின் காதுக்கு இது போதும், யாருடைய காதுக்கும் போதும். ஆனால் ஒரு முறை பின்தங்குகிறாய் என்று சொல்லக் கேட்டவளின் காது வேறு. தேர்வுக்கான இசையின் மெதுவான பகுதியை வாசித்தாள். ஒவ்வொரு ஒலிக்கும் முன்னால் சன்னமாக ஒரு மூச்சு கேட்டது. அவளுடையது அல்ல. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசித்துப் பார்த்தாள், அது கேட்டது.

பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டாள். இது உண்மையான பியானோவை எங்கோ ஒரு மண்டபத்தில் ஒவ்வொரு கட்டையாக வாசித்துப் பதிந்த ஒலி. மிதிகட்டையின் முனகலும் சுத்தியின் தட்டலும் வாசித்தவனின் மூச்சும் உயிரோட்டத்துக்காகச் சேர்த்தே பதிவார்கள். வேண்டாதவர்கள் குறைத்துக்கொள்ளத் திரையில் ஒரு குமிழ் உண்டு. அதை அடிவரை திருகினாள். மிதிகட்டையின் முனகல் போயிற்று. சுத்தியின் தட்டல் போயிற்று.

மூச்சு போகவில்லை.

அறுபத்துநான்கு. இப்போது பிசிறு தொடங்கியது, உலர்ந்த சின்னச் சடசடப்பு. ஏற்றிவிடு என்றுதான் பிப் சொன்னாள். நேவென்கா ஏற்றவில்லை. கண்ணை மூடிக் கேட்டாள். ஒழுங்கில்லாத பிசிறு அல்ல அது. ஓர் இழுப்பு, ஒரு நிறுத்தம், மறுபடி ஓர் இழுப்பு. மணற்கல்லில் நகத்தால் கீறுவதுபோல. இருக்கும் இடம் சுருங்கச் சுருங்க, உள்ளே இருப்பது சுவரோடு சுவராக நெருக்கப்படுவதுபோல.

மணி மூன்றுக்குச் சற்றே முன். கணினி அழைப்பு மணியை அடிக்கத் தொடங்கியது.

விரலுக்கும் ஒலிக்கும் நடுவே இன்னும் ஓர் இழை மிச்சம் இருந்தது. தலைமுடி அளவு. அதுதான் போன வருடம் அவளை இங்கேயே போட்டது. பட்டியலில் கடைசியாக இருந்தது முப்பத்திரண்டு. அதற்கும் கீழே, எண்ணை நாமே அடித்துக்கொள்ள ஒரு வெற்றுக் கட்டம். அதில் யாரும் எதுவும் அடிப்பதில்லை.

அவள் பூஜ்யம் அடித்தாள்.

சடசடப்பு நின்றது. மூச்சு நின்றது.

அவள் கட்டையை அழுத்தினாள். விரல் படவும் ஒலி எழவும் ஒன்றாக இருந்தது. அப்படி ஒன்றை அவள் வாழ்நாளில் கேட்டதில்லை. கண்ணில் நீர் வந்தது. அடுத்த கட்டைக்கு விரலை எடுத்துப் போனாள். விரல் போய்ச் சேரும் முன்பே அது ஒலித்தது.

கையை எடுக்க நினைத்தாள். கை வரவில்லை. அடுத்த ஒலி. அதன் பின்னாலேயே விரல் போனது. அடுத்தது. விரல் போனது. நாற்காலியைத் தள்ளி எழ நினைத்தாள். கால் அசையவில்லை. இடக்கை மட்டும் தானாக நீண்டு லாக்லனின் அழைப்பை எடுத்தது. யோசோ என்று கூப்பிட வாயைத் திறந்தாள்.

“வணக்கம் லாக்லன், ஆரம்பிக்கலாமா?” என்றது அவள் குரல்.

குரல் வெளியிலிருந்து கேட்டது. மரப்பலகைக்கு அப்புறம் இருந்து கேட்பதுபோல.

அவள் கண்ணைத் திறந்தாள். திறந்துதான் இருந்தது. இருட்டு. முழங்கையை விரிக்க இடமில்லை. மூக்கில் இடித்த எதுவோ கல் அல்ல. வழவழவென்று, குளிர்ந்து, மணமே இல்லாமல். வெளியே கட்டைகள் தட்தட்டென்று விழுந்தன. ஒவ்வொரு தட்டலுக்கும் அவள் கை தானாக எழுந்து இருட்டில் இறங்கியது. இறங்கிய பிறகுதான் ஒலி.

இப்போது நடுவில் நிற்பது யார் என்று அவளுக்குத் தெரிந்தது.

வாசிப்பு முடிந்தது. லாக்லன் சிரித்துக்கொண்டே பேசினார்.

“நேவென்கா, போன வருஷம் கேட்ட ஆளா நீ? கை சும்மா கடிகார முள்ளு மாதிரி துல்லியமா விழுது. திங்கக்கெழமை வந்துரும்மா.”

“வந்துர்றேன்.”

இல்லை என்று அவள் கத்தினாள். கத்தல் வெளியே போகும் வழி அங்கே இல்லை. விரல்களுக்கு மட்டும்தான் வழி.

கதவு திறக்கும் சத்தம். யோசோவின் கனமான பூட்ஸ். அவன் கண்ணுக்குத் தெரியவில்லை, குரல் மட்டும் கேட்டது.

“என்னக்கா, கெடச்சிருச்சா?”

“கெடச்சிருச்சுடா. இன்னிக்கு பஸ்ஸுக்கே கெளம்பறேன்.”

“அதுக்குள்ளயா? விட்டாப் போதும்னு ஓடறியே. இங்க இருக்கற நாங்கல்லாம் என்ன வௌவாலா?”

சிரிப்பு. அவள் சிரிப்பேதான். ஒரு துணுக்கும் பின்தங்காத சிரிப்பு. பயணப்பெட்டியின் பூட்டு மூடும் சத்தம்.

அவள் இரண்டு கையையும் ஓங்கி எதிரே இருந்ததைக் குத்தினாள். வெளியே, கழற்றிவைத்த ஹெட்போனில் பியானோவின் கீழ்க்கடைக் கட்டையின் ஒற்றை ஒலி அதிர்ந்து நின்றது.

“எதுவோ அடிக்குது பாரு. நீ தொடவே இல்லையே?”

“லேட்டா வர்ற சத்தம்டா. தானா அடங்கிரும்.”

“ஆஃப் பண்ணிரவா?”

“வேணாம். அப்படியே கெடக்கட்டும். லைட்ட மட்டும் அணை.”

சொடுக்கு. பெட்டியின் சக்கரங்கள் கல் நடையில் உருண்டன. யோசோவின் பூட்ஸ், அதன் பக்கத்தில் அவளுடைய செருப்பு. தூரம். இன்னும் தூரம். வெளிக்கதவு.

மறுபடி குத்தக் கையை ஓங்கினாள்.

ஓங்கிய கையைப் பின்னாலிருந்து ஒரு கை பிடித்தது. நகம் தேய்ந்துபோன கை. அதட்டாமல், அவசரமில்லாமல், அவள் விரல்களை ஒவ்வொன்றாக வளைத்து வாசிக்கும் நிலையில் வைத்தது. அவள் திமிறித் தடவினாள். அந்தக் கையின் மணிக்கட்டை இன்னொரு கை பிடித்திருந்தது. அதன் மணிக்கட்டை, இன்னொன்று.