சிவப்பைத் தாண்டி வந்தவர்கள்

பனியனில் ஓட்டை கண்டுபிடிப்பது சித்ரகலாவுக்குத் தொழில். ஊர்க்கதையில் ஓட்டை கண்டுபிடிப்பது பொழுதுபோக்கு. காதர்பேட்டைக்குப் பின்சந்தில் ஒரு பவர் டேபிளில், அதாவது சின்னத் தையல் கூடத்தில், செக்கிங் பார்க்கிறவள். சனிக்கிழமை காலை வாட்ச்மேன் அருண்பாண்டி எதிர்வீட்டு கைருதீன் பாயின் வாசலில் முகம் தொங்கிப்போய் நிற்பதைப் பார்த்ததும் அவள் வீட்டில் திடீரென்று சர்க்கரை தீர்ந்துவிட்டது. டம்ளரோடு போய் நின்றாள்.

“சர்க்கரை அப்புறம் தரேன் அம்மிணி. முதல்ல உட்காருங்க,” என்றார் கைருதீன். காலமெல்லாம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்து ஓய்வு பெற்றவர். யாரிடம் டிக்கெட் இல்லை என்பதை முகத்தை வைத்தே சொல்லிவிடுவார். டம்ளரும் அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான்.

“நான் எடுக்கல ஐயா,” என்றான் அருண்பாண்டி. தெற்கத்திக்காரன். “நேத்து சாயந்தரம் டீ குடிக்கப் போயிட்டு வர்றதுக்குள்ள விளக்கக் காணல. நாளைக்குள்ள வரலேன்னா வேலையும் கிடையாது, ஸ்டேஷனுக்கும் போவேன்னு முதலாளி சொல்லுதாரு.”

“எந்த ஸ்டேஷன்?” என்றாள் சித்ரகலா.

“போலீஸ் ஸ்டேஷன்க்கா. ரயில்வே ஸ்டேஷனுன்னா நானே ஊருக்கு வண்டி ஏறிருவேனே.”

விஷயம் இதுதான். சித்ரகலாவின் பவர் டேபிளுக்கு மேல்மாடியில் ஒரு ஹால். கட்டட முதலாளி தனபாலின் அப்பா ரயில்வேயில் வண்டிக்குத் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து காலமானவர். அவர் நினைவாக, ஓய்வுபெற்ற ரயில்காரர்கள் ஞாயிறுதோறும் கூடிப் பேச ஹாலை விட்டிருந்தார் தனபால். பேச என்றால் புளுக. டிரைவர் சகாயராஜ் விசில் ஊதியே மலையில் மழை வரவழைத்தவர். கார்டு அருள்செல்வன் யானைக் கூட்டத்துக்குப் பச்சைக்கொடி காட்டித் தண்டவாளத்தைக் கடக்க வைத்தவர். தண்டவாளத்தில் நடந்து ஆணி தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கும் கீமேனாக இருந்த சுப்பண்ணன் எல்லாருக்கும் மேல்: வெற்றிலை எச்சிலைத் துப்பியே எக்ஸ்பிரஸை நிறுத்தியவர். “சிவப்புதானுங்களே!” என்பார். கீழே உட்கார்ந்து இதையெல்லாம் காதில் வாங்கியபடி சித்ரகலா கோட்டைவிட்ட ஓட்டைகள் அமெரிக்கா வரை போயிருக்கின்றன.

காணாமல் போனது தனபால் அப்பாவின் பித்தளைக் கைவிளக்கு. திருகினால் சிவப்பும் பச்சையும் காட்டும் மண்ணெண்ணெய் விளக்கு. திரி ஏற்றும் திருகு துருப்பிடித்து இறுகி, எரிந்தே பல காலம். அதன் அடியில் ஓட்டை போட்டு, ஒயர் விட்டு, எல்இடி பல்பு மாட்டி, புது ஆபீஸ் வரவேற்பறையில் தொங்கவிடப் போவதாகப் போன ஞாயிறு தனபால் அறிவித்திருந்தார். ஹால் சாவி அருண்பாண்டியிடம் ஒன்று, ரயில்காரர்கள் மூவரிடமும் ஒவ்வொன்று. அப்பாவின் தோழர்களைச் சந்தேகிக்க மனம் வராத தனபாலுக்கு, வெளியூர்க்காரனைச் சந்தேகிப்பது சுலபமாக இருந்தது.

கைருதீன் சித்ரகலாவோடு ஹாலைப் போய்ப் பார்த்தார். விளக்கு தொங்கிய கொக்கியில் ஒரு சிவப்புத் துணித்துண்டு. முன்கதவுக் கைப்பிடியில் ஒன்று, பின்பக்க இரும்புப் படிக்கட்டுக் கதவிலும் ஒன்று.

“கட்டிங் வேஸ்ட் பாய். கீழே சிவப்பு ஆர்டர் ஓடுது. என் சோத்து டப்பாவுல கூடச் சிவப்புத் துணிதான் கிடக்குது.”

“கிடக்கும் அம்மிணி. தானா முடிச்சுப் போட்டுக்குமா?”

சித்ரகலா குனிந்து பார்த்தாள். மூன்றும் இறுக்கிய முடிச்சு. அவிழ்க்கப் போன கையை கைருதீன் தடுத்தார். “இருக்கட்டும். மூணு பேருக்கும் போன் போட்டு, நேத்து சாயந்தரம் எங்கே இருந்தீங்கன்னு மட்டும் கேளுங்க. ஏன்னு சொல்லாதீங்க.”

சொல்லாமல் இருப்பது அவளுக்குப் பெரிய தண்டனை, ஆனாலும் செய்தாள். இன்ஜின் பழுதாகித் திணறிய இளம் டிரைவர்கள் தன்னைக் கார் வைத்துக் கூட்டிப்போனதாகச் சொன்னார் சகாயராஜ். “மருந்து வாங்கத்தான் போனாரு,” என்று பின்னாலிருந்து மனைவியின் குரல். அருள்செல்வன் அமராவதி அணையில் முதலைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தாராம். சுப்பண்ணன், “ஊட்லதானுங்க இருந்தேன்,” என்று சொல்லி வைத்துவிட்டார்.

“சுப்பண்ணன் ஒருத்தர்தான் பாய் உண்மை பேசினாரு,” என்றாள் சித்ரகலா. கைருதீன் சிரித்ததோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் தனபால், சகாயராஜ், அருள்செல்வன் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். சுப்பண்ணன் மட்டும் வந்திருக்கவில்லை. அருண்பாண்டி முன்கதவுக்கு வெளியே நின்றான். சித்ரகலாவோடு வந்த கைருதீன் நிதானமாகத் தொடங்கினார்.

“அருள்செல்வன், தண்டவாளத்துல ஒரு துண்டைக் கழட்டறதுன்னா முதல்ல என்ன செய்வாங்க?”

“சிவப்புக்கொடி நடுவாங்க பாய். ரெண்டு பக்கமும். வண்டி எந்தப் பக்கமிருந்தும் வரலாமில்ல…” சொல்லிக்கொண்டிருந்தவரின் கண் பின்கதவுக்குப் போய், முன்கதவுக்கு வந்து, கொக்கியில் நின்றது.

“கொடியை எப்ப எடுப்பாங்க?”

“வேலை முடிஞ்ச பிறகு.”

“இன்னும் எடுக்கலை. அப்ப இது திருட்டு இல்லீங்க தனபால், பராமரிப்பு. கொடியைப் பார்த்து நிக்கிறவர் டிரைவர். அசைச்சுக் காட்டுறவர் கார்டு. நட்டு வச்சுட்டு வேலை பார்க்கிறவர் தண்டவாளத்துக்காரர் ஒருத்தர்தான். இன்னொண்ணு, போன்ல நீங்க ரெண்டு பேரும் வழக்கம்போலப் புளுகினீங்க. எச்சில்ல எக்ஸ்பிரஸை நிறுத்தினவருக்கு நேத்து ஒரு முதலை கூடக் கிடைக்கலியா? சுப்பண்ணன் இத்தனை சிக்கனமாப் பேசினா ஏதோ மறைக்கிறார்னு அர்த்தம்.”

சித்ரகலா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இரும்புப் படிக்கட்டு அதிர்ந்தது. கையில் பனியன் கம்பெனிப் பையோடு சுப்பண்ணன் பின்கதவில் வந்து நின்றார். “ஏனுங்க, எல்லாரும் உள்ள உக்காந்திருக்கறீங்க? கொடி கட்டியிருக்குதே, கண்ணுக்குத் தெரியலீங்களா? டிரைவரும் கார்டும் சிவப்பைத் தாண்டி வந்திருக்கறீங்க! சர்வீஸ்ல இருந்தா ரெண்டு பேரும் சஸ்பெண்டுங்க!”

சகாயராஜ் தலையைக் குனிந்துகொண்டார்.

பையிலிருந்து விளக்கு வெளியே வந்தது. “திருமுருகன்பூண்டியில உளி அடிக்கற கொல்லன் பட்டறையில குடுத்துத் திருகைச் சரி பண்ணீட்டேன். இன்னைக்குப் பத்த வச்சுக் காட்டலாம்னு இருந்தனுங்க. தனபாலு, ஓட்டை போட்டா இதுல எண்ணெய் நிக்காது சாமி. கொட்டற மழையில உங்கப்பன் இதை மாரோட அணைச்சுக்கிட்டு நிப்பாரு. அவரு நனைவாரு, திரி நனையாது.”

“எங்கிட்டக் கேட்டிருக்கலாமேங்க?”

“எரியும்னு வாயில சொன்னா, சுப்பண்ணன் புளுகறான்னுதான சொல்லுவீங்க?”

தனபால் விளக்கை வாங்கி அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டு நாளைக்கு வரவேண்டாம் என்றார். பிறகு முன்கதவுப் பக்கம் திரும்பினார். “அருண்பாண்டி, உள்ள வாப்பா. விசாரிக்காம பேசிட்டேன். தப்பு என் மேலதான்.”

அருண்பாண்டி அசையவில்லை. கைப்பிடியில் தொங்கிய துணியைக் காட்டினான். “கொடி இருக்கே முதலாளி.”

சுப்பண்ணன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “இத்தனை பேருல ரயில்காரன் இவன் ஒருத்தன்தானுங்க!” என்றார். மூன்று முடிச்சுகளையும் தாமே அவிழ்த்து மடியில் செருகினார். விளக்கைப் பற்றவைத்தார். சுடர் குதித்து, நின்றது. வாசலை நோக்கித் தூக்கிப் பிடித்துத் திருகினார்.

பச்சை விழுந்தது. அருண்பாண்டி உள்ளே வந்தான்.