முப்பத்தாறு சலான்

காலை 9.40. தையல் கடையில் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த மிஷின் சட்டென்று நின்றது.

"ஐயோ, என் பணம் போச்சே!"

தையல்காரியின் கையில், வங்கியிலிருந்து வந்த வீட்டுக் கடன் கணக்கு. பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் மாதத் தவணை தானாகப் போய்விடும். அது போதாதென்று முதுகு ஒடியத் தைத்து, மாதாமாதம் மூவாயிரம் கூடுதலாகக் கட்டியவள் அவள். மூன்று வருடத்தில் ஒரு லட்சத்து எட்டாயிரம். ஆனால் பாக்கியைப் பார்த்தால் கூடுதலாக ஒரு காசும் கட்டாதது போல் இருந்தது. இன்னும் பன்னிரண்டு வருடம் கட்ட வேண்டுமாம்!

அந்த மூவாயிரத்தை வங்கிக்குக் கொண்டுபோனது அவள் தம்பி.

"கொண்டுபோனவன் நீதானேடா? எங்கடா அந்தப் பணம்?"

அளவு கொடுக்க வந்திருந்த மூன்று பெண்கள் முன்னால் கேட்டுவிட்டாள். தம்பி முகம் செத்துப்போயிற்று. "அக்கா..."

பக்கத்தில் நின்ற அவன் மனைவிக்குக் கோபம் வந்தது. பன்னிரண்டு வருடமாகப் பேருந்து கண்டக்டர். பழைய டிக்கெட்டை நீட்டுகிறவனை முழியை வைத்தே பிடித்துவிடுவாள்.

"என் புருஷன் கை சுத்தம், அண்ணி. மத்தியானத்துக்குள்ள நிரூபிக்கிறேன். இல்லேன்னா இந்தப் படி ஏற மாட்டேன்."

மூன்று பெண்களும் நகரவில்லை. இந்த வேடிக்கையை விட்டுவிட்டு யார் போவார்கள்?

10.05. "சலான் எங்கேங்க?"

தம்பி ஓடிப்போய் எடுத்துவந்தான். முப்பத்தாறு சலான். எல்லாவற்றிலும் வங்கி முத்திரை.

"எழுதினது யாரு?"

"அக்காதான். என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்காம்."

முத்து முத்தான எழுத்து. கண்டக்டர் நிமிர்ந்து கடைச் சுவரைப் பார்த்தாள். அதே எழுத்தில் ஒரு பலகை: 'துணி கொடுக்கும்போதே முன்பணம் கட்டவும்.' மறுபடி சலானைப் பார்த்தாள். அவள் உதட்டோரம் லேசாக நெளிந்தது.

10.50. வங்கி. கடன் பிரிவு அலுவலர் முன்னால் கண்டக்டர். பின்னால் அக்காவும் தம்பியும்.

"முப்பத்தாறு தடவையும் பணம் வந்துதா, மேடம்?"

"வந்துது."

"இப்ப எங்கே?"

"இங்கேதான். தனியா, பத்திரமா இருக்கு."

"கடன்ல ஏன் கழிக்கல?"

"கழிக்கச் சொல்லி எழுதலையே."

தையல்காரிக்கு ஒன்றும் புரியவில்லை. கண்டக்டருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அலுவலரிடம் ஒரு கணக்கு மட்டும் போட்டு வாங்கிக்கொண்டு, "கடைக்கு வாங்க அண்ணி. கேட்ட இடத்துலயே பதில் சொல்றேன்" என்றாள்.

11.30. மூன்று பெண்களும் அங்கேயே இருந்தார்கள்.

"அண்ணி, உங்க கடையில முன்பணம்னா?"

"கூலியில ஒரு பங்கை முதல்லயே வாங்கிக்கிறது. அப்புறம் மொத்தத்துல கழிச்சுடுவேன்."

"இந்த வங்கியில அப்படி இல்ல. இனிமே வரப்போற தவணைக்குன்னு ஒதுக்கி வச்சுடுவாங்க. அசல் குறையாது. அசல் குறையலேன்னா வட்டி முழுசா ஓடும். முப்பத்தாறு சலான்லயும் விவரம்ங்கிற இடத்துல 'முன்பணம்'னுதான் இருக்கு. 'அசலில் கழிக்கவும்'னு எழுதியிருந்தா இதுக்குள்ள பதினஞ்சாயிரம் வட்டி மிச்சம். திருட்டுப் போனது அதுதான். திருடினது உங்க முத்து முத்தான கை!"

தையல்காரி தன் கையையே பார்த்தாள்.

"மிச்சத்துக்கு வழி இருக்கு. தவணை பன்னிரண்டாயிரத்துல எட்டாயிரம் வட்டிக்கே போகுது. கூடுதலா கட்டுறது மொத்தமும் அசல்ல விழும். அந்தத் தொகைக்கு அப்புறம் வட்டியே கிடையாது. இருக்கிற ஒரு லட்சத்து எட்டாயிரத்தை முன்பணமாவே விட்டா ஒன்பது தவணைக்குக்கூட வராது. இன்னிக்கு அசல்ல கழிச்சா, கடைசியில இருபத்து நாலு தவணை போயிடும். பன்னிரண்டு வருஷம் பத்தாகும். மூவாயிரத்தையும் விடாம கட்டினா ஏழு வருஷத்துச் சொச்சம்தான்!"

தையல்காரிக்குக் கண் கலங்கியது. அந்த மூன்று பெண்கள் பக்கம் திரும்பினாள்.

"நல்லாக் கேட்டுக்கோங்க. மூணு வருஷம், முப்பத்தாறு தடவை, ஒரு பைசா குறையாம கட்டியிருக்கான். என் தம்பி! நான்தான் வாய் தவறிப் பேசிட்டேன்."

தம்பி தலை நிமிர்ந்தது. கண்டக்டருக்குப் பெருமை தாங்கவில்லை; புருஷனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

தையல்காரி புதுச் சலான் ஒன்றை எடுத்து, 'அசலில் கழிக்கவும்' என்று எழுதி இரண்டு கோடு போட்டாள். "நீயே கொண்டுபோடா."

தம்பி அதை மனைவியிடம் நீட்டினான். "செக்கிங் முடிச்சுடு."

கண்டக்டர் ஒருமுறை படித்தாள், திருப்பிக் கொடுத்தாள், தெருவே கேட்கும்படி குரல் கொடுத்தாள்.

"போலாம், ரைட்!"