ரெய்னர்ஸ் லேன் ராக்கெட் விழுந்த விதம்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு மேல்வீட்டு அழைப்புமணி அடித்ததும், இராஜேந்திரன் பாதித் தேநீரை அப்படியே வைத்துவிட்டு மாடிக்கு ஓடினார். கனகாம்பிகை அக்காவைத் தேடி யார் வந்தாலும் கீழ்வீட்டு இராஜேந்திரனுக்குத் திருவிழாதான். ரயில் நிலைய வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. வாரத்தில் நான்கு நாள் யாரிடமும் வாய் திறக்காமலே கழிந்துவிடும். அதை வெளியே சொன்னால் வெட்கக்கேடு என்று, "அக்காவுக்கு ஒத்தாசை" எனப் பெயர் வைத்து லண்டன் ஈஸ்ட் ஹாமின் அந்த மாடிப்படிகளைத் தினமும் ஏறிக்கொண்டிருந்தார்.

கனகாம்பிகை முப்பது வருடம் காப்புறுதி நிறுவனம் ஒன்றுக்காக எரிந்த வீடுகளையும் நொறுங்கிய கார்களையும் ஆராய்ந்தவர். இப்போது ஊர்ச்சனம் தங்கள் சந்தேகங்களை அவரிடம் தூக்கிக்கொண்டு வருகிறது. இடி விழுந்தாலும் பதறமாட்டார்.

வந்தவருக்கு அறுபது வயதிருக்கும். பெயர் புவனேந்திரன். லண்டனின் மறுகோடியிலிருக்கும் ரெய்னர்ஸ் லேனிலிருந்து வந்திருந்தார். உட்காருவதற்கு முன்பே சொன்னார்: "அக்கா, என்ரை ரொக்கெட்டைக் கொலை செய்திட்டினம்."

"தீபாவளி ராக்கெட்டா சார்?" என்று இராஜேந்திரன் ஆவலாகக் கேட்டார்.

புவனேந்திரன் அவரைப் பார்த்த பார்வையில், பாவம், இராஜேந்திரன் சுருங்கிப்போனார். "ஆளுயரம் ஐயா! ஒலியை விட வேகமாப் போறது. அந்த வேகத்தில சாதாரணப் பசை சூட்டில இளகிப்போகும். வால் சிறகு நடுங்கிப் பிய்ஞ்சு பறந்திடும். நாலு மாரிகாலம் தோட்டத்துக் கொட்டிலுக்குள்ள இருந்து, கண்ணாடிநார்க் குழாய் எடுத்து, சிறகுக்குக் கார்பன் துணி ஒட்டி, பெட்டிக்குள்ள வைச்சுச் சூடாக்கி இறுக்கினன். போன சனிக்கிழமை கேம்பிரிட்ஜ் பக்கம், ரொக்கெட் விடுற ஆக்கள் கூடுற வயல் ஒண்டில விட்டனாங்கள். என்ரை கணக்குப்படி ஒலியைப் போல ஒண்டரை மடங்கு வேகம் அக்கா! ஒரு சிறகு அசையேல்ல. ஆனா பரசூட் விரியேல்ல. தலைகீழா வந்து சேத்துக்குள்ள குத்திச்சுது."

"பரசூட்டை விரிக்கிறது ஆர்?" என்று கேட்டார் கனகாம்பிகை.

"உள்ள ஒரு சின்னக் கம்பியூட்டர் இருக்கு. வெளிக்காத்தின்ர அழுத்தம் குறையிறதை வைச்சு, மேல போறன் எண்டு அது அறியும். உச்சியில பரசூட்டை விரிக்கும். நான்தான் அதின்ர சுவிச்சைப் போட்டுவிட்டன். பீப் சத்தமும் கேட்டது. ஆனா அதில ஒண்டுமே பதியேல்ல. நிலத்தை விட்டே கிளம்பாத மாதிரிக் கிடக்கு."

"ஆர் செய்தது எண்டு நினைக்கிறீங்கள்?"

"மனுசி." சொல்லிவிட்டு அவர் தரையைப் பார்த்தார். "ரெண்டு வருசமா எங்களுக்குள்ள கதை இல்லை. சாப்பாடு மேசையில இருக்கும். சாப்பிட்டுப்போட்டு நான் கொட்டிலுக்குப் போயிடுவன். முதல்நாள் பின்னேரம் ரொக்கெட்டைப் போர்வையால சுத்திக் கட்டினனான். விடியப் பாத்தா முடிச்சு வேற. அவளின்ர செருப்பில கொட்டில் வாசல் சேறு. அப்பிடியே வான் வண்டியில ஏத்திக்கொண்டு போயிட்டன். வயலில போர்வையை அவிழ்த்தா, மூண்டு இடத்தில மஞ்சள் அப்பிக் கிடக்கு. சமைச்ச கையோட வந்து கிண்டியிருக்கிறாள்! வெள்ளைக்காரர் சுத்தி நிண்டு பாக்கினம். எனக்கு மானமே போச்சு. கைலேஞ்சியை நனைச்சுத் துடைச்சன். எங்கட முறை வர ரெண்டு மணித்தியாலம் காத்து நிண்டு, பிறகுதான் விட்டது."

பிளாஸ்டிக் பையிலிருந்து அந்தக் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். கனகாம்பிகை அதை முகர்ந்து பார்த்தார்.

"மூண்டு கறையும் எங்க இருந்தது?"

"நடுவில ஒரு கறுப்பு வளையம் இருக்கு. அதைச் சுத்தி."

"ஒண்டுக்கொண்டு சமதூரத்திலயோ?"

அவர் யோசித்தார். "ஓம். சமதூரம்தான்." பிறகு குரல் தாழ்ந்தது. "சட்டன் பக்கம் வாடகைக்கு ஒரு அறை பாத்து வைச்சிருக்கிறன் அக்கா. அவள்தான் எண்டு நீங்கள் சொன்னா, நாளைக்கே வெளிக்கிடுறன்."

"வாங்கோ, உங்கட வீட்டை போவம்."

ரயிலில் புவனேந்திரன் தள்ளி உட்கார்ந்திருந்தார். இராஜேந்திரன் அக்காவின் காதில் கிசுகிசுத்தார்: "சம்சாரம்தான் அக்கா. முடிச்சு, சேறு, மஞ்சள். இதுக்கு மேல என்ன வேணும்?"

"சமையல் கை அளவெடுத்தோ அழுக்காக்கும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவர் கண்ணை மூடிக்கொண்டார். இராஜேந்திரன் வீம்பாக ரயில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கொட்டில் தோட்டத்து மூலையில் இருந்தது. அதற்கு நேர் எதிரே வீட்டின் சமையலறை ஜன்னல். அக்டோபர்க் குளிரிலும் அது ஒரு சாண் திறந்தே கிடப்பதை இராஜேந்திரன் பார்த்தார். ஹீட்டர் போட்ட வீட்டில் இது என்ன ஊதாரித்தனம் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டார்.

மேசையில் ராக்கெட் கிடந்தது. மூக்கு நொறுங்கியிருந்தது. சிறகுகள் மூன்றும் புதிது போல நின்றன. கனகாம்பிகை கறுப்பு வளையத்தைத் தடவினார். "உள்ள இருக்கிற கம்பியூட்டருக்கு வெளிக்காத்து எப்பிடிப் போறது?"

"வளையத்தில மூண்டு சின்ன ஓட்டை இருக்கு. இப்ப சேறு அடைச்சுப்போட்டுது."

கனகாம்பிகை கொண்டை ஊசியை எடுத்து ஓர் ஓட்டைக்குள் மெல்லத் துழாவினார். முதலில் காய்ந்த சேறு உதிர்ந்தது. பிறகு மஞ்சளாக ஒரு சின்னக் கட்டி வந்தது. அதில் சிவப்புத் துகள் ஒட்டியிருந்தது. அதைக் காகிதத்தில் ஏந்திக்கொண்டு, "குசினிக்குப் போவம்" என்றார்.

புவனேந்திரனின் மனைவி சிவனேஸ்வரி அடுப்படியில் நின்றார். ஒல்லியான, சோர்ந்த பெண்மணி. வந்தவர்களைப் பார்த்ததும் சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டார். கனகாம்பிகை காகிதத்தை இராஜேந்திரனிடம் நீட்டினார். "மணந்து பாருங்கோ."

"ஐயோ அக்கா, சந்தனம்!"

"ஓம். சிவப்பு, குங்குமம். ஆராவது நாசம் செய்ய வரேக்க சந்தனமும் குங்குமமும் கொண்டு வருவினமோ? புதுக் கார் வாங்கினாலும் பொட்டு வைச்சுத்தானே எடுக்கிறம். இவவும் அதைத்தான் செய்திருக்கிறா. விடியக்காலமை போர்வையை அவிழ்த்து, மூண்டு பொட்டு வைச்சு, திரும்பக் கட்டியிருக்கிறா. வான் வண்டி ஆட்டத்தில அது போர்வையோட உரசி அப்பிப்போச்சு."

"அப்ப அவளின்ர பொட்டுத்தானே ஓட்டையை அடைச்சது!" என்றார் புவனேந்திரன்.

"அவசரப்படாதேங்கோ தம்பி. வளையத்தில மங்கலா மூண்டு தடம் இன்னும் கிடக்கு. ஒவ்வொண்டும் ஓட்டைக்கு ரெண்டு விரல் மேல தொடங்கி, நேர கீழ இறங்கி, ஓட்டையில முடியுது. பொட்டு வைச்ச இடம் மேல. அதைக் கீழ இழுத்தது ஈரத்துணி. சந்தனம் கரைஞ்சு ஓட்டைக்குள்ள இறங்கிச்சுது. ரெண்டு மணித்தியாலத்தில காய்ஞ்சு இறுகிச்சுது. கம்பியூட்டர் மூச்சுமுட்டிக் கிடந்தது. அது என்னத்தைப் பதியும்?"

புவனேந்திரன் நாற்காலியில் உட்கார்ந்தார். ராக்கெட்டைத் துடைத்த கை மேசையில் கிடந்தது.

"ஓட்டையில படக்கூடாது எண்டு எனக்குத் தெரியும்," என்றார் சிவனேஸ்வரி, யாரையும் பார்க்காமல். "உங்கட சிநேகிதன் வாசுதேவனோட போனில சொன்னனீங்கள். அதுதான் அதின்ர மூக்கு, அதாலதான் மூச்சு விடும் எண்டு. மூக்குக்கு மேலதானே பொட்டு வைக்கிறது."

"கொட்டிலுக்குள்ள கதைச்சது உமக்கு எப்பிடிக் கேட்டது?"

கனகாம்பிகை திறந்திருந்த ஜன்னலைக் காட்டினார். இராஜேந்திரனுக்கு, ஊதாரித்தனம் என்று நினைத்த தன்னையே அறைய வேண்டும் போல் இருந்தது.

"வேற என்னத்தைக் கேக்கிறது?" என்றார் சிவனேஸ்வரி. "வீட்டுக்குள்ள ஒரு சத்தம் இல்லை. நீங்கள் ஆரோடயாவது கதைக்கிறது அங்கதான். சட்டனில அறை பாத்ததும் கேட்டது. போறதெண்டாப் போங்கோ. ஆனா ஒருக்கா என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லிப்போட்டுப் போங்கோ."

புவனேந்திரன் நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "போகேல்ல," என்றார். திரும்பவும் சொன்னார். "நான் எங்கயும் போகேல்ல."

சிவனேஸ்வரி எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்ப சொல்லுங்கோ. அது மேல போகேக்க எப்பிடி இருந்தது?"

கனகாம்பிகை கண் காட்டிவிட்டு வெளியே நடந்தார். இராஜேந்திரன் வாசலில் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினார். கட்டியதை அவிழ்த்து மறுபடி கட்டினார். போய்த் திறக்கவேண்டிய தன் வீட்டில் எந்தக் குரலும் கேட்காது என்று அவருக்குத் தெரியும். 

"முதல்ல சத்தம் வரேல்ல," என்றது உள்ளிருந்து புவனேந்திரனின் குரல். "நாங்கள் தள்ளி நிண்டனாங்கள். அது கிளம்பி மேல போன பிறகுதான் சத்தம் வந்தது."

"பிறகு?" என்றார் சிவனேஸ்வரி.