பட்டறையில் மிஞ்சிய பயறுத் தட்டு

காலை 9.10. ஓயோ நகரின் மேற்குக் கோடியில், மரச்சிற்பி ஒகுன்வாலேயின் பட்டறை அலமாரியிலிருந்து ஒரு சாண் உயரச் சிற்பம் காணாமல் போயிருந்தது. பூட்டு உடையவில்லை. பக்கத்திலிருந்த ஏழு முகமூடிகளையும் திருடன் தொடவில்லை. ஒவ்வொன்றும் அதைவிட விலை கூடியது. கிழவர் ஏழு மணிக்கு ஆற்றுக்குப் போய் எட்டரைக்குத் திரும்பியிருந்தார்.

சார்ஜென்ட் மொராடெகேவுக்கு அவர் முகம் கொடுக்கவில்லை. மகன் தன்னைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து, மூன்று வருடமாக, அவர் யாருக்குமே முகம் கொடுத்ததில்லை.

"என்ன சிற்பம், பாபா?"

"இபெஜி."

இரட்டையரில் ஒன்று இறந்தால் செதுக்குவது. தாய் அதைக் குளிப்பாட்டி, ஊட்டி, பிள்ளையாகவே வளர்ப்பாள்.

"யாரு செய்யச் சொன்னது?"

"ஒருத்தர்."

"பேரு?"

"மறந்துபோச்சு. திருடனப் பிடிச்சு உள்ள தள்ளுங்க. அதுதான் உங்க வேலை."

அலமாரியின் காலி இடத்துக்கு முன்னால் ஒரு தட்டு. அதில் வெந்த பயறு, ஒரு கைப்பிடிகூட இருக்காது.

"இது?"

"என் காலைச் சாப்பாடு."

"இவ்வளவுதானா? உடம்பு என்னத்துக்கு ஆகும்!" என்றாள் மொராடெகே.

9.40. எதிரே அகாரா வடை சுடும் ரமொத்தா எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாள்.

"வேத்தாள் யாரும் வரலையே! பாபாவோட மருமக அபெனிதான் இந்தப் பக்கம் போனா, ரெட்டைப் பிள்ளைங்களோட. ஒண்ணு இடுப்புல கத்திக்கிட்டிருந்துச்சு. இன்னொண்ணு முதுகுல துணி மூடித் தூங்குச்சு. சமத்து, சத்தமே இல்ல."

மொராடெகே பட்டறைக்குத் திரும்பிக் கிழவர் முன் உட்கார்ந்தாள்.

"உங்க மகனுக்கு எத்தனை பிள்ளை, பாபா?"

"ஒண்ணு." சொன்ன பிறகுதான் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"பிறந்தது ரெண்டு. அப்போ ஒண்ணு போயாச்சு. ரெட்டைப் பிள்ளை போனா நம்ம ஊர்ல யாரும் அழறதில்ல. அதான் ரமொத்தாவுக்குத் தெரியல. அவ பாத்த ரெண்டாவது பிள்ளை மரம். எடுத்தது அபெனி."

கிழவர் பயறுத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இனி உங்க விஷயம். விக்கிற சரக்குக்கு யாரும் பயறு படைக்கமாட்டாங்க. உங்க பேரனுக்குச் செஞ்சிருக்கீங்க. செஞ்சுட்டு ஏன் குடுக்கல?"

அவர் கூனிக் குறுகிப்போனார்.

10.30. அபெனியின் அறை. கிழவரும் கூட வந்திருந்தார். பாயில் மிஞ்சிய பிள்ளை கெஹிண்டே தூங்கினான், அவனருகே சிற்பம். ஜன்னலில் ஒரு பிளாஸ்டிக் பொம்மை. கழுவிக் கழுவி அதன் கண்கள் அழிந்திருந்தன.

"இது எதுக்கும்மா?" என்றாள் மொராடெகே.

"எம்பிள்ள தாய்வோ போனதும் பாபா வாசல்ல முட்டி போட்டு இபெஜி கேட்டேன். சந்தையில பொம்மை விக்குது, போய் வாங்கிக்கோன்னாரு. வாங்கினேன். நாலு மாசமா இதுக்குத்தான் ஊட்டினேன். இன்னிக்கு மறுபடி கேக்கப் போனேன். கதவிடுக்குல பாத்தா, கன்னத்துல எங்க வம்ச அடையாளக் கீறலோட எம்பிள்ள உக்காந்திருக்கான். சாவி நிலை மேல இருக்கும்னு என் வீட்டுக்காரர் சொல்லியிருக்காரு."

"நீ கேட்டுட்டுப் போன அன்னிக்கே செதுக்க உக்காந்துட்டேம்மா," என்றார் கிழவர். "அப்படிப் பேசிட்டு, எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு கொண்டாறது?"

சிறியவர்கள் பெரியவர்களுக்குச் செய்வதை அவர் மருமகளுக்குச் செய்தார். தரையில் குப்புற விழுந்தார். பார்க்கவே மொராடெகேவுக்குக் கூச்சமாக இருந்தது. புகார்த் தாளைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினாள்.

அபெனி அவரை எழுப்பவில்லை. விழித்துக்கொண்ட கெஹிண்டே தவழ்ந்துபோய் அந்த நரைமுடியைப் பிடித்து இழுத்தான்.

"நல்லா இழுடா," என்றாள் அபெனி, கண்ணைத் துடைத்தபடி. "உங்க தாத்தாதான். இன்னிக்குத்தான் வழி தெரிஞ்சிருக்கு."