எட்டாவது துவாரம்

மனிதகுலத்தின் அச்சங்களில் முக்கால்வாசி, கூரைக்கு அடியில் காற்றோட்டம் இல்லாததால் உண்டானவை. இதை நிபுணர் மிகுந்த பொறுப்புணர்வோடு சொல்வார். மூன்று கருத்தரங்குகளில் சொல்லியிருக்கிறார். தாமே எழுதிய பன்னிரண்டு பக்கக் கையேட்டின் முதல் வரியாக அச்சடித்தும் வைத்திருக்கிறார். சாய்கூரைக்கும் அதன் கீழே அடித்த பலகை சீலிங்குக்கும் நடுவில் ஒரு முக்கோண இருட்டு இருக்கிறது. அந்த இருட்டுக்குக் கீழ்விளிம்பில் காற்று நுழைய வழியும், முகட்டில் அது வெளியேற வழியும் கொடுத்துவிட்டால் சூடு போகும், ஈரம் போகும், பூஞ்சை போகும், பூஞ்சையோடு பேயும் போகும். பேய்க்கு மந்திரவாதி எதற்கு? கீழே ஒரு ஓட்டை, மேலே ஒரு ஓட்டை, தீர்ந்தது விஷயம். இந்த இடத்தில் கைதட்டாத சபையை அவர் இதுவரை பார்த்ததில்லை.

அப்பேர்ப்பட்டவர், அக்கா வீட்டுப் பக்கச் சுவரில் ஏணி போட்டு ஏறி, கூரை விளிம்புக்குக் கீழே இருந்த முதல் துவாரத்தில் அடைத்திருந்த பழந்துணியைப் பிடித்து இழுத்தபோது, அது வரவில்லை.

மறுபடியும் இழுத்தார். நாலு விரற்கடை வந்து நின்றது. துணியை ஒதுக்கிக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தார். உள்முனையில் ஒரு முடிச்சு. துவாரம் ஒரு கை நுழையும் அகலம்தான். முடிச்சு அதைப்போல இரண்டு மடங்கு இருந்தது.

"மாமா, துணியைத் திணிச்சீங்க, சரி. முடிச்சு எதுக்கு?"

ஏணியைக் கீழே பிடித்துக்கொண்டிருந்த மாமா, அதாவது அக்காவின் கணவர், தையல்காரர். வாயில் ஊசி இல்லாத நேரத்திலும் ஊசியைக் கவ்வியிருப்பவர் போலத்தான் பேசுவார்.

"நான் போடல மாப்ள. வெளியிலேர்ந்து சும்மா திணிச்சேன், அவ்ளோதான்."

"அப்ப தானா முடிஞ்சுக்கிச்சா?"

"முப்பது வருஷமா ஊசி நூலோட குடும்பம் நடத்துறேன். என் முடிச்சு எனக்குத் தெரியாதா? அது என் முடிச்சு இல்ல."

நிபுணர் சிரித்தார். ஈரம் குடித்த துணி ஊதும், ஊதிய துணி சுருளும், சுருண்ட துணி பார்ப்பதற்கு முடிச்சுபோல இருக்கும். கையேட்டில் ஏழாம் பக்கம். கத்தியை எடுத்துத் துணியை அறுத்தார். அறுபட்ட முடிச்சு உள்ளே விழுந்தது. சீலிங் பலகை ஒரு முழத்துக்குள்தான் இருந்தது. ஆனால் விழுந்த சத்தம் வரவில்லை.

இரண்டாவது துணியிலும் முடிச்சு. மூன்றாவதிலும். அதன் பிறகு அவர் டார்ச் அடிக்கவில்லை.

"எதுக்கு மாமா இந்தக் கூத்து? ஓட்டையை அடைச்சா உள்ள ஈரம் நிக்கும். ஈரம் நின்னா பூஞ்சை. அக்காவோட இழுப்புக்கு அதான் காரணம்னு டாக்டரே சொல்லிட்டாரு."

"சொன்னாரு." மாமா ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "அவளுக்கு இழுப்பு வரும்போது மேலயும் ஒண்ணு இழுக்கும் மாப்ள. அவ நிறுத்துனா அதுவும் நிறுத்தும். எதிரொலின்னு விட்டுட்டோம். அப்புறம் ஒரு நாள், அது முதல்ல ஆரம்பிச்சுது. இவ பின்னாடியே இழுக்க ஆரம்பிச்சா."

"சரி."

"அன்னைக்குத்தான் துணி வச்சேன்."

"துணி வச்சுப் பேயைப் பிடிச்ச முதல் டெய்லர் நீங்கதான் மாமா. கண்ணாடி போட்டு மாட்டி வைக்கணும் உங்க போட்டோவை."

மாமா சிரிக்கவில்லை. நிபுணருக்கும் உள்ளுக்குள் சிரிப்பு வரவில்லை. அதற்கான காரணம் அவருடைய பையில் நாலாக மடித்து இருந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால், கல்லூரி முடித்த கையோடு, இந்த வீட்டு சீலிங்குக்கு அவர் வரைந்த வரைபடம். அவருடைய முதல் வேலை. கீழ்விளிம்பில் எட்டு துவாரங்களை அளவெடுத்து, அழகாகக் குறித்திருந்தார். முகட்டில் ஒன்றுமே இல்லை. மறந்துவிட்டார். உள்ளே போன காற்றுக்கு மேலே வழி கிடையாது. வந்த துவாரத்தின் வழியாகவே திரும்ப வேண்டும். போவதும் வருவதுமாக எட்டு வருஷம் அது பழகியிருக்கிறது. ஊர் ஊராகப் போய் முகட்டுத் துவாரத்தைப் பற்றி அவர் முழங்கியதெல்லாம் இந்த ஒரு முகட்டை மறக்கத்தான். நாலு வருஷமாக இந்த வாசலை மிதிக்காததும் அதனால்தான்.

காலையில் அவர் வந்து இறங்கியபோதே அக்கா ஆரம்பித்துவிட்டாள். "வாடா பெரிய மனுஷா. எனக்கு உடம்பு சரியில்லைன்னு நாலு வருஷமா சொல்றேன், வரல. கூரைக்கு உடம்பு சரியில்லைன்னதும் ஓடி வந்துட்ட."

பேசி முடிப்பதற்குள் மூச்சு முட்டியது. தோள் இரண்டும் மேலேறி இறங்க, தொண்டைக்குள் விசில்போல ஒரு இழை கீச்சிட, இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்தினாள். பிறகு கேட்டாள்:

"அன்னைக்கு நீ போட்ட படத்துல மேல ஓட்டை இருந்துச்சாடா?"

"இருந்துச்சுக்கா. கொத்தனார் விட்டிருப்பான்."

"அப்படியா," என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

ஆட்கள் வந்து முகட்டைப் பிரித்து, பூசணிக்காய் அளவில் தகடு தகடாகச் சுழலும் எஃகுக் காற்றாடி ஒன்றைப் பொருத்திவிட்டு, நீள ஏணியையும் தூக்கிக்கொண்டு மதியமே போய்விட்டார்கள். இப்போது மணி மூன்று. நிபுணர் எட்டாவது துணியையும் அறுத்தெறிந்தார். அறுத்த துணிகளையெல்லாம் வீட்டு முன்னால் குவித்துத் தம் கையாலேயே கொளுத்தினார். "மூடநம்பிக்கைக்குத் தகனம்," என்று அறிவித்தார். கேட்பதற்கு மாமாவும் எதிர்வீட்டுப் பூனையும்தான் இருந்தார்கள்.

கடைசியாகப் புகைச் சோதனை. புகைக்குச்சியைக் கொளுத்தி எட்டாவது துவாரத்தின் அருகில் பிடித்தால், புகை வளைந்து உள்ளே போக வேண்டும், போய்க்கொண்டே இருக்க வேண்டும், முகட்டின் வழியாக வெளியேற வேண்டும். பிடித்தார். புகை வளைந்து உள்ளே போனது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணினார். நின்றது.

பிறகு அதே புகை துவாரத்திலிருந்து வெளியே வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

காற்றாக இருக்கும் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார். வேலியோரச் செடியில் ஓர் இலைகூட அசையவில்லை. துணி எரிந்த குவியலிலிருந்து புகை நூல் பிடித்ததுபோல நேராக மேலேறிக்கொண்டிருந்தது. முகட்டுக் காற்றாடியை அண்ணாந்து பார்த்தார். சுழன்றது. நின்றது. சுழன்றது. நின்றது. அதற்கு ஒரு விளக்கம் இருக்கத்தான் வேண்டும், பக்கவாட்டு அழுத்தம், ஓடு சூடேறிய வேகம் என்று ஏதாவது ஒன்று, அதைக் கையேட்டின் இரண்டாம் பதிப்பில் சேர்த்துக்கொள்ளலாம் என்று யோசித்துக்கொண்டே இருந்தவர், தம்முடைய மூச்சும் அதே நாலு எண்ணிக்கைக்கு ஏறி இறங்குவதை உணர்ந்து, சட்டென்று மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"டேய்!" அக்காவின் குரல். "டேய், இழுப்பு போயிடுச்சுடா! சுத்தமா போயிடுச்சு!"

ஏணியில் இருந்து குதிக்காத குறையாக இறங்கி உள்ளே ஓடினார். அக்கா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தலையணை முட்டுக்கொடுக்காமல் அவள் உட்கார்ந்து அவர் பார்த்தே எவ்வளவோ காலமாகிவிட்டது. முகம் பளிச்சென்று இருந்தது. மாமா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். எட்டு வருஷம் கழித்து இன்றைக்குத்தான் நிபுணருடைய முதல் வேலை முடிந்திருக்கிறது.

அப்போது மேலே கேட்டது.

கட்டிலுக்கு நேர் மேலே, பலகைக்கு அந்தப் பக்கம், விசில்போல ஒரு இழை கீச்சிட்டு ஏறி, முனையில் கரகரத்து, இறங்கியது. காலையில் அக்காவின் தொண்டையில் கேட்ட அதே இழை.

சீலிங்கின் மூலையில் மேலே ஏறுவதற்கான பலகைக் கதவு இருந்தது. நிபுணர் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். உள்ளங்கையால் பலகையை ஒரு சாண் உயர்த்தினார். மூன்று மணி வெயிலில் வெந்த ஓட்டின் சூடு முகத்தில் அறையும், பூஞ்சை நாற்றம் மூக்கில் ஏறும் என்று எதிர்பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டார். சூடு இருந்தது, ஆனால் அது ஓட்டின் சூடு இல்லை. ஈரமான, இதமான, யாரோ முகத்துக்கு மிக அருகில் வாயைத் திறந்து வைத்திருப்பதைப் போன்ற சூடு. பூஞ்சை நாற்றமும் இல்லை. அக்கா தினமும் மார்பில் தடவிக்கொள்ளும் தைலத்தின் வாசனை.

இழுப்பு நின்றது. அவர் பார்க்கிறார் என்று தெரிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல.

பலகையை மெதுவாக, மிக மெதுவாக இறக்கினார்.

"என்னடா முழிக்கிற?" என்றாள் அக்கா. "உடம்பு எவ்வளவு லேசா இருக்கு தெரியுமா?"

அவள் உதடுகள் அசைந்தன. சரியாகத்தான் அசைந்தன. ஆனால் சொற்கள் வாயிலிருந்து வரவில்லை. மேலிருந்து வந்தன. பலகை இடுக்கு வழியாக.

நிபுணர் முக்காலியில் இருந்து இறங்கினார். அவள் மார்பைப் பார்த்தார். அசையவில்லை. மூக்கின் முன்னால் விரலை நீட்டினார். ஒன்றும் படவில்லை.

அக்கா சிரித்தாள். சிரிப்புச் சத்தம் சீலிங்கில் ஓடியது. அவள் நகங்கள் நீலம் பாய ஆரம்பித்திருந்தன.

மாமா மேலே பார்த்தார். மனைவியைப் பார்த்தார். நிபுணரைப் பார்த்தார்.

"அடைடா," என்றார். "போய் அடைடா!"

நிபுணர் ஓடினார். கொடியில் காய்ந்த துணிகள் ஆறு. வாரிக்கொண்டு ஏணி ஏறினார். முதல் துவாரம். தலையணை உறையைத் திணித்தார். திணித்த துணி கைக்குள் அசைந்தது. உள்ளேயிருந்து ஒரு சுண்டு. ஒரு சுற்று. இன்னொரு சுண்டு. இறுகியது.

துணி ஊதும் என்று சொல்லிப் பார்த்தார். ஏழாம் பக்கம். ஏழாம் பக்கம்.

ஏணியை நகர்த்தினார். இரண்டாவது. துண்டு. சுண்டு, சுற்று, சுண்டு. மூன்றாவது. நான்காவது. ஜன்னல் வழியாக மாமாவின் குரல் மட்டும் கேட்டது. "இழு... இழும்மா... கொஞ்சம் இழு..." ஐந்து. ஆறு. கொடித்துணி தீர்ந்தது. சட்டையைக் கழற்றி ஏழில் திணித்தார்.

ஜன்னலில் ஒரு கரகரப்பு. அரை மூச்சு. அக்காவுடையது. கீழேயிருந்து வந்தது.

நின்றது.

"போதலடா!" மாமா அலறினார். "இன்னும் ஒண்ணு இருக்கு!"

எட்டாவது துவாரம். பனியனைக் கழற்றித் திணித்தார். அது நிற்கவில்லை. சோற்றுக் கவளம் போல உள்ளே போய்விட்டது. மாமாவின் கடையில் ஆயிரம் துணி இருந்தது. ஏணியில் ஒன்றும் இல்லை. கால்சட்டை மிச்சம் இருந்தது. ஏணி உச்சியில் நின்றுகொண்டு அதைக் கழற்றும் வித்தை பன்னிரண்டு பக்கத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை. துவாரம் இழுத்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

வலது கையைத் திணித்தார்.

மணிக்கட்டு போனது. முழங்கை போனது. அடைத்துக்கொண்டது.

ஜன்னலுக்குள் அக்கா இழுத்தாள். முரட்டுத்தனமாக, கீச்சிட்டு, இருமி, கோழை கரகரக்க, மறுபடியும் இழுத்தாள். அவ்வளவு நல்ல இழுப்பை நிபுணர் தம் ஆயுளில் கேட்டதில்லை. மாமா அழுவது கேட்டது. முகட்டில் காற்றாடி நின்றுபோயிருந்தது.

"அக்கா," என்றார் சுவரோடு கன்னத்தை வைத்து. "நான்தான்கா மறந்துட்டேன். கொத்தனார் இல்ல."

ஜன்னலிலிருந்து இருமல்தான் வந்தது.

உள்ளங்கையில் சூடாக ஒரு மூச்சு பட்டது. தைல வாசனை அடித்தது. பிறகு எதுவோ அவருடைய சுண்டுவிரலைப் பற்றியது. அவசரமே இல்லை. அதைப் பின்னால் வளைத்து, மோதிரவிரலின் மேல் போட்டு, அடியில் நுழைத்து, ஒரு முறை சுண்டி இறுக்கியது.

நிபுணர் சத்தம் போடவில்லை. கையை எடுக்கவும் இல்லை. ஜன்னலில் அக்காவின் மூச்சை எண்ணிக்கொண்டு, துவாரத்தில் இடைவெளி விழாதபடி தோளை இன்னும் கொஞ்சம் உள்ளே அழுத்தினார்.

உள்ளே அது அடுத்த விரலைத் தேடி எடுத்தது.