உதவிப் பக்கத்தில் நான் சேர்த்த வரி

வீட்டில் என்னைச் சின்னவன் என்பார்கள். வயது இருபத்து நான்கு. வெளியூரில், டயர் கடைக்கு மேலே, மூன்று பேர் தங்கும் அறையில் இருக்கிறேன். தட்டி எழுதினால் பாதியில் அழித்துவிடுவேனோ என்று பயம். அதனால் நான் பேசப் பேசப் போனே இதை எழுத்தாக்குகிறது. நம் குடும்பக் குழுவில் முப்பது பேருக்கு மேல் இருக்கிறோம். அண்ணி செய்த ஆப் என்னவென்று பாதிப் பேருக்குத் தெரியாது. அதை அண்ணிதான் கெடுத்தார் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

வாஷிங்மெஷின் ஓடும் சத்தத்தைக் கேட்டு எந்தப் பாகம் பழுது என்று அந்த ஆப் சொல்லும். அண்ணன் மெஷின் மெக்கானிக். அவர் போகும் வீடுகளுக்கெல்லாம் அண்ணியும் போய், முன்பின் தெரியாதவர்களின் குளியலறையில் போனை நீட்டிக்கொண்டு நிற்பார். இரண்டு வருடம் இப்படிச் சத்தம் சேர்த்தார். பேரிங் தேய்ந்தால் ஒரு முனகல், பெல்ட் தளர்ந்தால் ஒரு கீச்சு, டிரம்முக்குள் சட்டைப் பித்தான் சிக்கினால் வேறொன்று. மெக்கானிக்குகள் மாதச் சந்தா கட்ட ஆரம்பித்ததும் அண்ணன் கம்பெனி வேலையை விட்டார். ஆப்புக்குள் வரும் உதவிப் பக்கங்களை எழுதும் வேலையை அண்ணி எனக்குக் கொடுத்தார். தூரத்தில் இருந்தாலும் நானும் இதில் ஒரு ஆள் என்றார்.

ஒரு மெக்கானிக், விலை கட்டுப்படியாகவில்லை தம்பி என்று எழுதியிருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. 'எங்கள் இணையதளத்தில் கட்டினால் விலை குறைவு' என்று உதவிப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன். யாரிடமும் கேட்கவில்லை. போனில் ஆப்களை விற்கும் ஸ்டோர்காரர்கள் எங்கள் ஆப்பையே எடுத்துவிட்டார்கள்.

அப்புறம்தான் விதியைத் தேடிப் படித்தேன். ஆப்புக்குள் கட்டும் சந்தா அவர்கள் வழியாகத்தான் போக வேண்டும். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அவர்களுக்கு. அதனால்தான் அண்ணி அங்கே விலையைக் கூட்டி வைத்திருந்தார். வெளியே குறைத்து விற்பது தப்பில்லையாம். வெளியே குறைவு என்று உள்ளே சொல்வதுதான் தப்பாம். தன் சரக்கைப் பற்றிய உண்மையைத் தன் வாடிக்கையாளரிடம் சொல்லக் கூடாது என்று ஒரு விதி எப்படி இருக்க முடியும்? இப்போதும் யோசிக்கிறேன். சரக்கு நம்முடையது, கடை நம்முடையது இல்லை. அவ்வளவுதான் போலிருக்கிறது.

ஆப்பை ஏன் எடுத்தோம் என்று ஸ்டோரிலிருந்து கடிதம் வந்த காலையில் வழக்கம்போல என்னை வீடியோவில் அழைத்து, போனைச் சாப்பாட்டு மேஜையில் தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்திருந்தார்கள். அண்ணன் கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். தட்டை நகர்த்திவிட்டு, இந்த வரியை யார் எழுதியது என்று கேட்டார்.

அண்ணி மெல்லத் திரும்பிப் போனைப் பார்த்தார். என்னை.

நான் மைக்கை அணைத்தேன். காதைத் தொட்டுக் காட்டி, சத்தம் வரவில்லை என்று சைகை செய்தேன்...

"நான்தான் எழுதினேன்" என்றார் அண்ணி.

அண்ணன் கத்தவில்லை. இனி அந்த ஆப்பைத் தொடாதே என்று, அதைச் செய்தவரிடமே சொல்லிவிட்டு எழுந்து போனார். அம்மாதான் விடவில்லை.

"மெஷின் சத்தத்தையே கேட்டுக்கிட்டிருந்தா மனுஷங்க சொல்றது எங்க காதுல விழும்? எம் புள்ள இருந்த வேலையையும் விட்டான். இப்ப இதுவும் போச்சு."

அண்ணி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். குழாயை முழுதாகத் திறந்துவிட்ட சத்தம் எனக்கு நன்றாகவே கேட்டது.

மத்தியானம் தனியாகக் கூப்பிட்டு, ஏன் அண்ணி இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"என்னைத் திட்டினா அடுப்படியில போய் நாலு பாத்திரத்தக் கழுவுவேன், சரியாயிடும். உன்னைத் திட்டினா நீ அங்க எங்க போவ? அழறதுக்குக் கூட அந்த ரூம்ல இடமில்லன்னு நீதான சொன்ன..." என்றவர், சாப்பிட்டாயா என்று பேச்சை மாற்றிவிட்டார்.

அது நடந்து பதினொரு நாள் ஆகிறது. அந்த வரியை எடுத்துவிட்டு ஆப்பை மறுபடி அனுப்பினால் போதும் என்று கடிதத்தின் அடியிலேயே இருக்கிறது. அண்ணி மூன்று முறை சொல்லியும் அண்ணன் காதில் வாங்கவில்லை. ஆப்பைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளைத் தேடினார். வந்த ஆளுக்கு அந்தச் சத்தங்களின் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

நேற்று அம்மா பேசினார். அண்ணிக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறதாம். திங்கட்கிழமை கிளம்புகிறாராம். சண்டையில்லை, அழுகையில்லை. அம்மாவின் மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாராம்.

"போறவ போகட்டும்னு சொல்லத்தான் நெனச்சேன்டா. வாய் வரல" என்றார் அம்மா.

அப்போதும் நான் சொல்லவில்லை. சிக்னல் விட்டு விட்டு வருகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அந்த வரியை எழுதியது நான். அண்ணிக்கு அது ஆப்பில் இருந்ததே கடிதம் வந்த பிறகுதான் தெரியும். அவரிடம் கேட்டால் வேண்டாம் என்பார், அதனால் கேட்காமலே அனுப்புகிறேன். அம்மாவும் அண்ணனும் இந்தக் குழுவைத் திறந்து பார்ப்பதில்லை. இதை வாசிக்கிறவர்களில் யார் வீடு பக்கமோ, அவர்கள் தயவுசெய்து திங்கட்கிழமைக்குள் நேரில் போய், அண்ணியும் இருக்கும்போது, இதைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். என்னைத் திட்ட அப்புறம் கூப்பிடட்டும். முதலில் அண்ணியிடம் பேசச் சொல்லுங்கள்.