பதினான்காம் போர்ட்டில் ஒரு பதில்

யாரும் இல்லாத கட்டடத்தில் யாரோ கேட்டுக்கொண்டிருப்பதாகச் சுவிட்ச் சொன்னது.

நெட்வொர்க்காரர் கண்ணைக் கசக்கிவிட்டு லேப்டாப்பை மறுபடி பார்த்தார். அதே பதில்தான். மல்டிகாஸ்ட் என்பது ஒரே குரலைப் பல அறைகளுக்கு அனுப்புகிற ஏற்பாடு. ஆனால் கண்டபடி அனுப்பிவிடாது. யாராவது கேட்கிறீர்களா என்று, எல்லா அறைக் கேபிள்களும் வந்து சேருகிற இந்தச் சுவிட்ச் பெட்டி அவ்வப்போது விசாரிக்கும். பதில் வருகிற போர்ட்டுக்கு, அதாவது கேபிள் செருகும் துளைக்கு, மட்டும்தான் குரல் போகும். ஆஸ்பத்திரியின் இந்தத் தொற்றுநோய்ப் பிரிவைக் காலி செய்து மாதக்கணக்காகிறது. நாளை இடிக்கிறார்கள். ஸ்பீக்கர்களை அவரே தன் கையால் கழற்றிப் பெட்டியில் போட்டிருந்தார். பிறகு யார் பதில் சொல்வது?

பதினான்காம் போர்ட். எந்த அறை என்று தேட வேண்டியதே இல்லை, அது அவர் மனைவி கிடந்த அறை. யாரையும் உள்ளே விடாத நாட்கள் அவை. இதே சுவிட்ச் ரூமில் மைக்கை வைத்துக்கொண்டு, அவள் தலைமாட்டு ஸ்பீக்கர் வழியாகப் பேசினார். "நீங்க பாட்டுக்குப் பேசிட்டே இருங்க, நான் கேட்டுட்டுதான் இருப்பேன்" என்று தொண்டையில் குழாய் போடுவதற்கு முன்னால் சொல்லியிருந்தாள். அவள் போன பிறகும், நர்ஸ் வந்து தோளைத் தொடுகிறவரை, மனுஷன் பேசிக்கொண்டே இருந்தார்.

கதவிடுக்கில் காண்ட்ராக்டர் தலையை நீட்டினார். "முடிஞ்சுதா சார்? கரண்ட்டை இறக்கணும்."

"பத்து நிமிஷம். நீங்க கீழ போங்க, வந்துடறேன்."

வராந்தாவில் சாயங்கால வெளிச்சம் சிமெண்டுத் தூசியில் மங்கிக் கிடந்தது. பினாயில் வாடை இன்னும் போகவில்லை. அவள் அறையில் கட்டில்கால்கள் பதிந்த தடமும் சுவரில் தொங்கிய கேபிளும்தான் மிச்சம். திரும்பி வந்து அந்தக் கேபிளைச் சுவிட்சிலிருந்தே உருவினார். பதினான்கு அப்போதும் பதில் சொன்னது.

லேப்டாப்புக்குத் திரும்பினார். அதில் அந்தப் போர்ட்டுக்கான ஒரு வரியை அழித்தால் எல்லாம் தீர்ந்தது. விரல் போகவில்லை. அவளை இரண்டாம் தடவை வழியனுப்ப அவரால் ஆகாது.

மைக்கைச் செருகினார். "இருக்கியாம்மா?"

கேபிளே இல்லாத துளைக்கு மேல் பச்சை விளக்கு எரிந்தது.

அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "பாப்பா இப்பல்லாம் தானே தலை பின்னிக்கிறா. கோணல்மாணலாத்தான். நான் கை வெச்சா, அம்மா மாதிரி இல்லன்னு ஒரே சண்டை."

பதினைந்து எரிந்தது.

பக்கத்து அறை. பிறகு ஒன்பது. மூன்று. இருபது.

அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு இருந்த பதற்றத்தில், பிரிவு முழுவதையும் ஒரே குழுவில் போட்டுத் தொலைத்திருக்கிறார். அவளுக்கென்று பேசியது எல்லா அறையிலும் கேட்டிருக்கிறது. சொந்தக்காரர் குரல் ஒன்றும் எட்டாமல் செத்தவர்கள் அத்தனை பேரும் இவர் குரலைக் கேட்டபடியேதான் போயிருக்கிறார்கள்.

பேச்சை நிறுத்தினார்.

எல்லா விளக்குகளும் ஒன்றாக அணைந்தன. பதினான்கும்.

பிறகு ஒன்று மட்டும் எரிந்தது. இருபத்துநான்கு. இந்த அறை. அவர் நாற்காலிக்குப் பின்னால், சுவரில் இருக்கும் சாக்கெட்.

பினாயில் வாடை. துணி உரசும் சத்தம். குழாய் வழியாக இழுக்கிற மூச்சு. ஒன்றல்ல.

அவர் திரும்பவில்லை.

கீழே காண்ட்ராக்டர் மெயினை இறக்கினார். சுவிட்சின் இரைச்சல் அடங்கியது. இருட்டு. அந்தப் பச்சை விளக்கு மட்டும் அணையவில்லை.

"அப்புறம்..." என்றார், மைக்கை விடாமல். "பாப்பா வந்து..."

கேட்பதற்காக எல்லாரும் இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்தார்கள்.